தப்பில்லாத பக்கம்

கசோவா மிஷன் ஆஸ்பத்திரி
மே 9, 2016

அடியே திவோங்கே,

போன வாரக் கணக்கு வருகிறது. வழக்கம்போல பஸ் கண்டக்டரிடம் கொடுத்திருக்கிறேன். போன மாதம் அவன் தோள்பட்டையைச் சரிசெய்து விட்டது நான்தான், அதனால் உறையை மீன் மூட்டைக்கு அடியில் வைக்க மாட்டான் என்று நம்புகிறேன். அப்படியே கொஞ்சம் நாறினாலும் பொறுத்துக்கொள். இங்கே போனில் பேச வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டி மேல் ஏற வேண்டும், எனக்கு உயரம் ஆகாது என்று உனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை, பாதம் வளைந்து பிறந்த குழந்தைக்கு ஐந்தாவது மாவுக்கட்டு. குழந்தை அழவில்லை, தாய்தான் அழுதாள். செவ்வாய், மாமரத்திலிருந்து விழுந்தவனின் முழங்கை. மடங்குகிறது, நீள மாட்டேன் என்கிறது. மற்ற நாளெல்லாம் நாலாம் கட்டில் யோதாம் பெரியவர். மீன்பிடிக்கிறவர், வலப்பக்கம் பக்கவாதம். பேச்செல்லாம் போய் ஒரே ஒரு சொல் மிச்சம்.

"வலிக்குதா பெரியவரே?" "ஆமா."

"அப்போ வலிக்கலையா?" "ஆமா."

"என்னைக் கட்டிக்கிறீங்களா?" "ஆமா, ஆமா!"

வார்டே சிரித்தது. அவருக்கு மனைவி இல்லை, தம்பிதான் கூட இருந்து பார்த்துக்கொள்கிறார். வியாழக்கிழமை வாசலில் நட்டிருக்கும் மூங்கில் கழிகளைப் பிடித்துக்கொண்டு எட்டு விநாடி நின்றார். தம்பி பன்னிரண்டு என்று சாதிக்கிறார். இந்த ஆஸ்பத்திரியில் நம் பிசியோதெரபி டிபார்ட்மெண்ட் என்றால் அந்த இரண்டு கழிகள்தான். வாக்கர் ஒன்று கேட்டுக் கேட்டு எனக்கு முன்னால் வந்தவளும் ஓய்ந்துவிட்டாள்.

இதை வைத்து என் நோட்டுக்கான சிந்தனைப் பக்கத்தை நீ சமைத்துக்கொள். என்ன நடந்தது, என்ன உணர்ந்தாய், எது நல்லது எது கெட்டது, ஏன், வேறென்ன செய்திருக்கலாம், இனி என்ன செய்வாய். ஆறு கட்டம்! எனக்கு முதல் கட்டத்திலேயே மூச்சு முட்டுகிறது. முதல் வருடம் எண்பது கேள்வி கொடுத்து நம் வகுப்பை நாலு கூடையாகப் பிரித்தார்களே, அன்றைக்கே காவோங்கா மேடம் என் சட்டையில் சிவப்புத் துணி குத்தி "செய்து கற்பவள்" என்றார், உனக்கு நீலம் குத்தி "சிந்தித்துக் கற்பவள்" என்றார். நாமும் அன்றைக்கே ஒப்பந்தம் போட்டுவிட்டோம். உன் கைக்கு நான் பயிற்சி, என் நோட்டுக்கு நீ சிந்தனை. நாலு வருடம் ஓடியே போயிற்று.

தப்பு ஒன்று சேர்க்க மறக்காதே. போன மாதம் உன் தாள் வந்து சேரவில்லை என்று நானே "எல்லாம் நன்றாக நடந்தது" என்று எழுதினேன். மேடம் பத்துக்கு மூன்று போட்டு, "தவறே இல்லாத வாரத்தில் சிந்தனை எப்படி வரும்?" என்று கேட்டிருக்கிறார். நோயாளி நன்றாக இருந்தால் மார்க் குறையுமாம், எங்கே போய் முட்டிக்கொள்வது?

உன் அத்தை கருவாடு கொடுத்து அனுப்பியிருக்கிறாள். தோழிகளுக்குப் பங்கு வைக்காமல் நீயே தின்னச் சொன்னாள்.

உன் முறைக்காரி,
மசோசி


பிளான்டயர்
மே 13, 2016

மதினி,

கருவாடு வந்தது. அத்தையிடம் சொல்லவும்.

உன் பக்கம் இத்துடன் இருக்கிறது. இரண்டு தாள். அப்படியே பார்த்து எழுதிக்கொள். மாற்ற வேண்டாம். தப்பு ஒன்று வைத்திருக்கிறேன். நாலாம் கட்டில்காரர் நிற்கும்போது நீ ஒரு கணம் திரும்பினாய், அவர் விழுந்துவிட்டார், தூக்கிவிட்டாய், யாரிடமும் சொல்லவில்லை, பிறகு வருந்தினாய். இப்படி ஒன்று இருந்தால் கடைசி இரண்டு கட்டம் நன்றாக வரும். மேட்ரன் வாசிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர் என்று நீதான் சொல்லியிருக்கிறாய். பெரியவரும் யாரிடமும் எதுவும் சொல்லப் போவதில்லை.

இங்கே விசேஷம் இல்லை. பதினோராம் கட்டிலில் இருந்த சிபேட்டா என்ற தையல்காரர் புதன்கிழமை இறந்துவிட்டார். பக்கவாதம் மறுபடி தாக்கியது என்று டாக்டர் எழுதினார். வியாழக்கிழமை அந்தக் கட்டிலுக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

மதியம் ந்சீமாக் களியும் பீன்ஸும். சாப்பிட்டேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. எப்போதும் சிரிக்க ஏதாவது எழுதச் சொல்வாய். இந்த வாரம் எதுவும் தோன்றவில்லை.

திவோங்கே


கசோவா
மே 28, 2016

திவோங்கே,

நின்றுகொண்டே எழுதுகிறேன். பஸ் புறப்படப் போகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை நாலாம் கட்டில் பெரியவர் விழுந்துவிட்டார். தம்பி தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம், சிறுநீர்ச் சட்டியை எட்டி எடுக்கப் பார்த்திருக்கிறார் போல. தொடை எலும்பு ஒடிந்துவிட்டது. நான் அப்போது சர்ச்சில் பாடிக்கொண்டிருந்தேன், நூறு பேர் சாட்சி. ஆனால் அது யாருக்கு வேண்டும்? வியாழக்கிழமை மேட்ரன் முந்தாலி என் நோட்டை எடுத்து வாசித்திருக்கிறார். நாலு வருடத்தில் மேடம் தவிர ஒருத்தர் அதை வாசிக்க, அவர் தேர்ந்தெடுத்தது அந்தப் பக்கம்.

"இது உன் கையெழுத்துதானே?"

"ஆமா மேட்ரன்."

"நாலாம் கட்டில்னு நீதானே எழுதியிருக்கே? கீழ போட்டிருக்கே, மறைச்சிருக்கே. எலும்பு அப்பவே விரிஞ்சிருக்கும், ஞாயித்துக்கிழமை முழுசா ஒடிஞ்சிருக்கு. பிள்ளையா நீ?"

என்னை வார்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். பெரியவர் காலில் எடை கட்டித் தொங்கவிட்டுப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் பாதி முகத்தால் சிரித்தார்.

"பெரியவரே, இந்தப் பொண்ணு உங்களைக் கீழ போட்டாளா?"

"ஆமா."

"மேட்ரன், அவர் எல்லாத்துக்கும் ஆமாதான் சொல்வார். இந்த ஏரிக்கு ராஜா நீங்களான்னு கேட்டுப் பாருங்க, அதுக்கும் ஆமாதான்."

"வாயை மூடு. கேட்டாச்சு, பதில் வந்தாச்சு."

பெரியவருக்கு என் முகத்தைப் பார்த்து ஏதோ புரிந்திருக்க வேண்டும். ஆமா, ஆமா, ஆமா என்று கத்த ஆரம்பித்தார். இல்லை என்று சொல்லத்தான் கத்தினார், எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஆமாவும் என் கழுத்தில் விழுந்தது. என்னோடு சேர்ந்து பன்னிரண்டு எண்ணிய தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு, "அவளே எழுதியிருக்கா, நான் என்னத்தைச் சொல்ல?" என்றார்.

வார்டுக்குள் விடவில்லை. ஜூலை எட்டாம் தேதி கல்லூரியில் விசாரணை. குற்றம் உறுதியானால் பெயரை அடித்துவிடுவார்கள். படிப்பு முடிய இன்னும் நாலே மாதம் இருக்கிறது. அந்தப் பக்கம் என்னுடையதில்லை என்று சொன்னால், நாலு வருடமாகப் பார்த்து எழுதியவள் என்று அதற்கும் அடிப்பார்கள், உன்னையும் சேர்த்து.

நான் என்ன செய்யட்டும்? சிந்திக்கிறவள் நீதானே, சிந்தித்துச் சொல்லு.

மசோசி


பிளான்டயர்
ஜூன் 4, 2016

மதினி,

கடிதம் கிடைத்தது. இரண்டு முறை வாசித்தேன்.

அவசரப்பட்டு எதுவும் சொல்லாதே. அது உண்மைச் சம்பவம் இல்லை, பயிற்சிக்காகக் கற்பனை செய்து எழுதினேன் என்று சொல்லிப் பார். கற்பனை செய்து சிந்திக்கலாம் என்று மேடமே வகுப்பில் சொல்லியிருக்கிறார். சர்ச் சாட்சிகளைச் சொல். எலும்பு படத்தைக் கேள், விரிசல் பழையதா புதியதா என்று தெரியலாம். தெரியாமலும் போகலாம்.

நான் வந்து பேசலாம். பேசினால் இரண்டு பேரும் போவோம். ஒருத்தியாவது மிஞ்சினால் குடும்பத்துக்கு நல்லது என்று தோன்றுகிறது. இது சரியா என்று தெரியவில்லை. எழுதும்போது சரியாகத்தான் இருக்கிறது.

நீ தொட்டி மேல் ஏறி மூன்று முறை கூப்பிட்டிருக்கிறாய். போன் மேசை மேல்தான் இருந்தது. அடித்து முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். எடுக்கக்கூடாது என்று நினைக்கவில்லை. எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது.

திவோங்கே


கசோவா
ஜூன் 18, 2016

திவோங்கே,

வேலை இல்லாதவளுக்கு நேரம் நிறைய. மூங்கில் கழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் பக்கத்தை நானே வாசித்தேன். நாலு வருடத்தில் இதுதான் முதல் தடவை. இத்தனை நாள் ஒரு சொல்லைப் பார்ப்பேன், எழுதுவேன், அடுத்த சொல்லைப் பார்ப்பேன். சோற்றை மெல்லாமல் விழுங்குவது மாதிரி.

நீ எழுதியதை உனக்கே சொல்கிறேன், கேள். "டைல்ஸ் ஈரமாக இருந்தது." எங்கள் வார்டில் டைல்ஸ் ஏதடி? சிமெண்ட் தரை, அதுவும் வெடித்து எறும்பு ஊர்கிறது. "வாக்கரின் ஒரு காலில் ரப்பர் இல்லை." எந்த வாக்கர்? மேட்ரனுக்கும் நாலாம் கட்டில் என்ற சொல்லைத் தாண்டி எதுவும் கண்ணில் படவில்லை போல. "கட்டில் இரும்பில் தலை இடித்தது." "நோயாளியின் மனைவி ஓடிவந்து தூக்க உதவினாள். அவள் நன்றி சொல்லி, அவித்த வேர்க்கடலை ஒரு கை கொடுத்தாள். வாங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்."

யோதாமுக்கு மனைவி இல்லை என்று உனக்கு எழுதியிருந்தேன். தப்பை இட்டுக்கட்டலாம், வேர்க்கடலையை யாராவது இட்டுக்கட்டுவார்களா?

பதினோராம் கட்டில், தையல்காரர், புதன்கிழமை. சிவப்புத் துணிக்காரிதான் நான், ஆனால் எனக்கும் கூட்டத் தெரியும்.

நம்மில் முறைக்காரி என்றால் தட்டிலிருக்கிற மீனைப் பிடுங்கலாம், சாவு வீட்டில்கூடக் கிண்டல் பண்ணலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அதற்காக உன் சாவைத் தூக்கி என் வீட்டு வாசலில் கிடத்துவாயா? அதையும் என் கையாலேயே எழுத வைத்தாயே, பாவி! மேடம், மேட்ரன், பெரியவரின் தம்பி எல்லோரும் என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அது உனக்கு வர வேண்டிய பார்வை. தபாலில் எனக்கு வந்துவிட்டது.

கோபம் கோபமாக வருகிறது. அழுகைதான் வரவில்லை. நம் பாஷையில் கண்ணீர் என்று அர்த்தம் வரும் மசோசி என்ற பெயரை வைத்துவிட்டு, கண்ணீரைக் கொடுக்க அம்மா மறந்துவிட்டாள் போல.

எட்டாம் தேதி உன் பெயரைச் சொல்ல மாட்டேன். நல்லவள் என்பதால் இல்லை. சொன்னால் நீ எனக்குச் செய்ததை நான் உனக்குச் செய்ததாகிவிடும். ஆனால் என்னிடமாவது சொல்லு. யார் விழுந்தது?

மசோசி


பிளான்டயர்
ஜூன் 25, 2016

மதினி,

நீ கூட்டியது சரி.

ஆறு கட்டத்தில் எழுதிப் பார்க்கிறேன். வேறு விதமாக எனக்கு எழுதத் தெரியவில்லை.

என்ன நடந்தது. மே ஒன்பது, திங்கட்கிழமை, காலை பத்தரை. சிபேட்டா வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் கை அவர் இடுப்பில் இருந்தது. நீ சொல்லித் தந்தபடி பெருவிரல் பின்னால், நாலு விரல் முன்னால். நாற்பது விநாடி நின்றார். அதுவரை அவர் பத்தைத் தாண்டியதில்லை. ஏதோ சொன்னார். அதை இங்கே எழுத முடியவில்லை. நாற்பது என்று எழுதிவைக்கத் திரும்பினேன். நோட்டு கட்டில் மேல் இருந்தது. கையை எடுத்துத்தான் எழுத முடியும். "நாற்" வரை எழுதினேன்.

டைல்ஸ் அப்போதுதான் துடைத்திருந்தார்கள். தலை இரும்பில் பட்ட சத்தம் பெரிதாக இல்லை. மனைவியும் நானும் தூக்கிக் கட்டிலில் போட்டோம். கண் திறந்திருந்தார், பேசினார், தண்ணீர் கேட்டார். நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கவனித்திருப்பார்கள். செவ்வாய் முழுக்கத் தூங்கினார். நன்றாகத் தூங்குகிறார் என்று நர்ஸ் சொன்னார். புதன் விடியும்போது இல்லை. விழுந்ததால்தானா என்று தெரியாது. யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாருக்கும் தெரியவிடவில்லை.

என்ன உணர்ந்தாய். உனக்கு இந்தக் கட்டத்தை நூறு தடவை நிரப்பியிருப்பேன். மனம் கனத்தது, குற்ற உணர்வு வாட்டியது, கண்கள் கலங்கின. எனக்கு ஒன்றும் வரவில்லை. அன்று மதியம் களியும் பீன்ஸும் சாப்பிட்டுக் கை கழுவினேன். புதன்கிழமையும் சாப்பிட்டேன். பல் வைத்தியர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்போமே, அப்படி என்னை நானே தொட்டுப் பார்க்கிறேன்.

எது நல்லது எது கெட்டது என்ற கட்டத்தை விட்டுவிடுகிறேன்.

ஏன். என் நோட்டில்தான் எழுத உட்கார்ந்தேன். கை நகரவில்லை. வெள்ளிக்கிழமை உன் தாளை எடுத்தேன். உன் பெயரில் எழுதியபோது பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. எழுதி முடித்ததும் யாரிடமோ சொல்லிவிட்ட மாதிரி இருந்தது. உனக்கு ஆபத்து என்று தோன்றவே இல்லை. சிந்தித்துக் கற்பவள் என்று எனக்குத்தான் நீலத் துணி குத்தினார்கள்.

வேர்க்கடலை இன்னும் கோட்டுப் பையில்தான் இருக்கிறது. பூசணம் பிடித்துவிட்டது. கோட்டைத் துவைக்கவில்லை.

திவோங்கே


கசோவா
ஜூன் 29, 2016

திவோங்கே,

கால் மரத்துப்போனவர் வந்தால் என்ன செய்வோம்? கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொடுவோம், பிறகு ஊசிமுனையால். தெரியவில்லை என்றால் காலை வெட்டிவிடுவதில்லை. தெரிகிற இடம் எங்கே ஆரம்பிக்கிறது என்று மேலே மேலே தேடிக்கொண்டு போவோம். நீயும் போ. மேடத்திடம் போ. பிறகு வேர்க்கடலை கொடுத்த அந்த அம்மாவிடம் போ. இரண்டாவதுதான் கஷ்டம், அதனால் அதை விட்டுவிடாதே.

எட்டாம் தேதி காலை மேடம் அறை வாசலுக்கு வருவேன். நீ அங்கே இருந்தால் சரி. இல்லை என்றால் உள்ளே போய் இது என் கையெழுத்துதான் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். அது பொய் இல்லையே.

உனக்குக் கைப்பயிற்சி கொடுத்தவள் நான். ஒன்று மட்டும் சொல்லித் தர மறந்துவிட்டேன். நிற்கிறவரைப் பிடித்திருக்கும்போது எழுதுகிற வேலை யாருக்கும் கிடையாது.

மசோசி


பிளான்டயர்
ஜூலை 19, 2016

மதினி,

அன்றைக்கு நாம் பேசிக்கொள்ளவே இல்லை, அதனால் எழுதுகிறேன்.

நீ வருவதற்கு முன்பே, ஏழு மணிக்கே நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். என் நோட்டு, நாலு வருடமாக உனக்கு எழுதிய நகல்கள், பதினோராம் கட்டில் விவரம் எல்லாவற்றையும் மேசையில் வைத்தேன். மேடம் நகல்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு, "இத்தனை வருஷமா மசோசி பக்கத்தைப் பாத்துதான் இந்தப் பொண்ணு எவ்வளவு வளர்ந்துட்டான்னு பெருமைப்பட்டேன்" என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உனக்கு முடிவு தெரியும், இருந்தாலும் எழுதிவைக்கிறேன். உனக்கு ஒரு வருடம் பின்னடைவு, பயிற்சி மறுபடி, எல்லாப் பக்கமும் உன் சொந்தச் சொல்லில். என் பெயரை அடித்துவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து வேண்டுமானால் விண்ணப்பிக்கலாம் என்றார்கள், யாரும் அதை நம்பிச் சொல்லவில்லை. சிபேட்டா குடும்பத்துக்கு ஆஸ்பத்திரியே எழுத்தில் தெரிவிக்கும். அதன்பின் கான்டீனில் நீ எதிரே வந்து உட்கார்ந்தாய். என் தட்டிலிருந்த மீனை எடுத்துத் தின்றாய், தலையைக்கூட மிச்சம் வைக்கவில்லை. பிறகு எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டாய். நான் வெறும் களியைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன். மே மாதத்துக்குப் பிறகு ருசி தெரிந்தது அன்றைக்குத்தான்.

ஆஸ்பத்திரிக் கடிதம் போகும் முன் நான் போய்விட வேண்டும் என்று நேற்று போனேன். ந்திராண்டே சந்தையில் சிபேட்டாவின் தையல் மிஷின் முன் உட்கார்ந்து இப்போது அந்த அம்மா பள்ளிக்கூடச் சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் ஊசியை நிறுத்தினாள்.

"நீ அந்த ஆஸ்பத்திரிப் பொண்ணுதானே?"

சொன்னேன். எல்லாம் சொன்னேன். நின்றுகொண்டேதான் சொன்னேன், உட்காரச் சொல்லவில்லை.

"தெரியும். நான் அங்கதானே இருந்தேன். ஃப்ளாஸ்க் மூடி உருண்டு போச்சு, நாலு கட்டில் தள்ளிப் போய்க் குனிஞ்சு தேடுனேன். நிமிர்ந்து பாத்தா அவரு தரையில, நீ பேனாவோட நிக்கிறே."

"தெரிஞ்சுமா அம்மா எனக்கு வேர்க்கடலை குடுத்தீங்க?"

"பதறிப் போய்த் தூக்குனியே. கையில அதுதான் இருந்துச்சு, குடுத்தேன்." நூலைப் பல்லால் கடித்தாள். "டாக்டர்கிட்ட நீ சொல்லியிருப்பேன்னு நெனச்சேன். படிச்ச பொண்ணு, கண்டிப்பா சொல்லியிருப்பேன்னு நான் பாட்டுக்கு இருந்துட்டேன். இல்லைன்னா நானே சொல்லியிருப்பேன்."

மதினி, இதை நான் ஒருபோதும் நினைத்துப் பார்க்கவில்லை. அவள் என்னை நம்பித்தான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள்.

மன்னிப்புக் கேட்டேன். அவள் இன்னொரு பொத்தானை எடுத்துவிட்டு, "விழறதுக்கு முன்னாடி ஏதாச்சும் சொன்னாரா?" என்று கேட்டாள்.

உனக்கு எழுத முடியாததை அவளிடம் சொன்னேன். "நாப்பதுன்னு எழுதிக்கோ மகளே. எழுத்துல இல்லைன்னா என் பொண்டாட்டி நம்ப மாட்டா" என்றார்.

"நாப்பதா?"

"நாப்பது விநாடி அம்மா."

"பொய் சொல்லாதே. பத்துக்கே காலு நடுங்கும் அந்த மனுஷனுக்கு."

"சத்தியமா நாப்பது."

"அது எவ்வளவு நேரம்? எண்ணிக் காட்டு."

அவர் நின்ற வேகத்திலேயே எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. சந்தையில் சத்தமாக இருந்தது, அவள் காதைச் சாய்த்துக் கேட்டாள். இருபது தாண்டியதும் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. "அட, அடேங்கப்பா" என்றாள். முப்பத்தொன்று வரை வந்தேன். அதற்கு மேல் குரல் வரவில்லை. தொண்டையில் ஆரம்பித்து உடம்பெல்லாம் அழுதது, மூக்கு ஒழுகியது, மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் என்னைத் தொடவில்லை, தேற்றவும் இல்லை. மீதியை அவளே எண்ணினாள். நாற்பது வந்ததும் மடியிலிருந்த சட்டையை எடுத்து மிஷின் மேல் மடித்து வைத்தாள்.

"சரி, போ" என்றாள்.

வீட்டுக்கு வந்து கோட்டைத் துவைத்தேன். நோட்டைக் கல்லூரியில் வாங்கிக்கொண்டுவிட்டார்கள், அதனால் அந்தப் பக்கத்தை வெறும் தாளில்தான் எழுதினேன். யாருக்கும் கொடுப்பதற்கில்லை. இரண்டாவது கட்டத்தை நிரப்பிவிட்டேன்.

திவோங்கே


கசோவா
செப்டம்பர் 16, 2016

அடியே,

கண்டக்டர் பொட்டலம் தருவான், உன் அத்தையுடைய கருவாடு. இந்த முறை நீ பங்கு வைத்தாலும் பரவாயில்லையாம்.

மேட்ரன் என்னை மறுபடி உள்ளே விட்டார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, "கை கழுவிட்டு வா" என்று மட்டும் சொன்னார். பெரியவரின் தம்பி இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை, மூன்றாம் நாள் ஒரு சம்போ மீன் கொண்டுவந்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

இன்று என் பக்கத்தை நானே எழுதினேன். மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு நாலாவதில் வந்தது. மேடத்துக்குப் போகும் முன் உனக்கு ஒரு நகல். திருத்தாதே, வாசி.

"இன்று நாலாம் கட்டில் யோதாம் பெரியவர் மூங்கில் கழியைப் பிடித்து நின்றார். நான் இருபத்தாறு எண்ணினேன், தம்பி நாற்பது எண்ணினார். உட்காரலாமா என்று கேட்டேன், ஆமா என்றார். நிற்கலாமா என்று கேட்டேன், ஆமா என்றார். அதனால் அவர் காலைத்தான் கேட்டேன். கால் நடுங்க ஆரம்பித்ததும் உட்கார வைத்தேன். முதலிலிருந்து கடைசிவரை என் இரண்டு கையும் அவர் இடுப்பில் இருந்தன. உட்கார்ந்த பிறகுதான் எழுதினேன். தப்பு ஒன்றும் நடக்கவில்லை."

பத்துக்கு மூன்றுதான் வரும். வரட்டும்.

மசோசி